நான்தான் உங்கள் மகன்

ஒரு வீட்டில் பிள்ளை காணாமல் போய் பல வருஷம் ஆகிவிட்டது. திடீரென்று ஒரு நாள் போன் வருகிறது. "உங்க பையன் மாதிரியே ஒருத்தன் இங்க இருக்கான்." வெளியில் இருந்து பார்க்கிற நமக்கு, அப்பாடா, நல்ல சேதி என்றுதான் தோன்றும். அந்த வீட்டுக்கும் அது நல்ல சேதிதானா? அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கொஞ்ச நாளாக இது சம்பந்தமாகக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். இதில் மூன்று வகை ஆட்கள் வருகிறார்கள். பொய் என்று தெரிந்தே 'நான்தான் அவன்' என்று வருகிறவர்கள் ஒரு வகை. 'இவன்தான் எங்கள் பிள்ளை' என்று உண்மையாகவே நம்பி வருகிறவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகை நம்மைப் போன்றவர்கள். போட்டோவைப் பார்த்துவிட்டு 'எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே' என்று போன் போடுகிறவர்கள். நோக்கம் மூன்று பேருக்கும் வேறு வேறு. ஆனால் அடி விழுகிற இடம் ஒன்றுதான்: காத்துக்கொண்டிருக்கிற வீடு.

பத்திரிகைகள் வந்தவனைப் பற்றித்தான் எழுதுகின்றன. எப்படி ஏமாற்றினான், எப்படி மாட்டினான் என்று பக்கம் பக்கமாக. அந்த வீட்டுக்குக் கடைசியில் ஒரு பத்தி, அதோடு சரி.

முதலில் நம் தமிழ் மண்ணில் நடந்த ஒன்று. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனையில் ஒரு கைக்குழந்தை இடிபாடுகளுக்கு நடுவில் உயிரோடு கிடைத்தது. ஆஸ்பத்திரியில் அன்றைக்குச் சேர்க்கப்பட்ட 81-வது ஆள் என்பதால் 'பேபி 81' என்று பெயர் வைத்தார்கள். உலகம் முழுக்க அந்தப் பெயர் பரவியது. ஒரே குழந்தைக்கு 9 தாய்மார் உரிமை கோருகிறார்கள் என்று செய்தி வந்தது. மரியாதைராமன் கதை நிஜத்தில் நடக்கிற மாதிரி ஆகிவிட்டது.

உண்மையில் நடந்தது என்ன? நீதிமன்றத்தில் முறைப்படி உரிமை கோரியது ஒரே ஒரு தம்பதிதான் என்று பின்னால் தெரியவந்தது. மற்ற 8 பேர்? யோசித்துப் பாருங்கள். கடல் பிள்ளையை இழுத்துக்கொண்டு போன ஊரில், ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை பிழைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் எந்தத் தாய்தான் ஓடி வராமல் இருப்பாள்? பார்க்க வந்தவர்களையும் அழுதவர்களையும் சேர்த்து எண்ணிக்கை போட்டால் 9 என்ன, 90 கூட வரும். எண்ணிக்கை பெரிதானதில் மாட்டிக்கொண்டது அந்த ஒரு தம்பதி. வீடு போய்விட்டது, காகிதங்கள் போய்விட்டன. தங்கள் பிள்ளை என்று நிரூபிக்க டிஎன்ஏ சோதனை வரை போக வேண்டியிருந்தது. பொறுக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து குழந்தையைத் தூக்கப் பார்த்ததில் போலீஸ் பிடித்துக்கொண்டும் போனது. 2005 பிப்ரவரி நடுவில் சோதனை முடிவு வந்து குழந்தை கைக்கு வந்தது. சுமார் ஏழு வாரம்.

அதோடு முடியவில்லை. டிவி நிகழ்ச்சிக்காக அமெரிக்கா வரை போய் வந்ததால் இவர்களுக்கு லட்சக்கணக்கில் பணம் கிடைத்திருக்கும் என்று ஊரார் நினைத்தார்கள், அந்தப் புகழே தங்களுக்குப் பாரமாகிவிட்டது என்று அந்தக் குடும்பம் பின்னாளில் சொன்னது. மற்ற தாய்மாரைப் பற்றியோ யாரும் எதுவும் எழுதவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இருந்து வெறுங்கையோடு திரும்பிப் போனவர்கள் அவர்கள். கதையில் அவர்களுக்கு வேலை முடிந்துவிட்டது.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நடிகர் தனுஷ் எங்கள் மகன், பள்ளியில் படிக்கும்போது வீட்டை விட்டுப் போய்விட்டான் என்று மேலூர்ப் பக்கத்து வயதான தம்பதி ஒன்று கோர்ட்டுக்குப் போனது. மாதம் 65,000 ரூபாய் ஜீவனாம்சம் கேட்டார்கள். 2017 பிப்ரவரியில் மதுரை ஐகோர்ட் கிளையில் அவர் ஆஜராகி, உடம்பில் மச்சமும் தழும்பும் இருக்கிறதா என்று அரசு டாக்டர்கள் பார்த்தார்கள். அந்த ஏப்ரலில் வழக்கை ஐகோர்ட் ரத்து செய்தது. அப்புறமும் வேறு வேறு மனுக்கள் போனதும், அந்த முதியவர் 2024-ல் இறந்துபோனதும் செய்திகளில் வந்தவைதான்.

நாம் என்ன செய்தோம்? மீம் போட்டோம். சிரித்தோம். சினிமாக்காரர், பணம், மச்சம், கோர்ட் என்று எல்லாம் இருந்ததால் நல்ல பொழுதுபோக்கு. நான் யார் பக்கமும் பேசவில்லை. கோர்ட் சொன்னது சொன்னதுதான். யாரோ ஒருவர் வந்து நீ எங்கள் பிள்ளை என்று சொன்னதற்காக ஒரு மனிதர் தன் உடம்பைக் காட்டி 'நான் அவன் இல்லை' என்று நிரூபிக்க வேண்டியதும் கொடுமைதான். அவரைப் பெற்று வளர்த்தவர்களுக்கும் அது அவமானம்தான். ஆனால் ஒரு கேள்வி எனக்கு இன்னும் போகவில்லை. அவர்கள் சொன்னது போல் ஒரு பையன் வீட்டை விட்டுப் போயிருந்தால், அந்தப் பையன் எங்கே? 'இவர் அவன் இல்லை' என்று முடிவானதோடு அந்தக் கேள்வியையும் எல்லோரும் சேர்த்தே மூடிவிட்டோம். தப்பான ஆளைக் காட்டியதற்குத் தண்டனையாக, சரியான ஆளைத் தேடுவதே நின்றுபோகிறது. இது நான் படித்த கேஸ்கள் நிறையவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது.

இப்போது பீகார். இந்தக் கேஸைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. 1977-ல் நாலந்தா மாவட்டத்தில் ஒரு ஜமீன்தாரின் மகன் பரீட்சை எழுதப் போனவன் திரும்பவில்லை. 1981-ல் பக்கத்துக் கிராமத்தில் பிச்சை எடுக்கிற சாமியார் கோலத்தில் ஓர் இளைஞன் வந்து, நான் இன்னாருடைய மகன் என்றான். ஊரே கூடி அப்பாவை அழைத்துப் போனது. அவருக்குப் பார்வை மங்கல். ஊர் சொன்னது, அவர் ஏற்றுக்கொண்டார், வீட்டுக்குக் கூட்டி வந்தார். சில நாள் கழித்து வீட்டுக்கு வந்த அம்மா பார்த்துவிட்டு, இவன் என் பிள்ளை இல்லை, என் பிள்ளைக்குத் தலையில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு என்றார். போலீஸில் புகார் கொடுத்தார்.

அப்பா ஆமாம் என்கிறார், அம்மா இல்லை என்கிறார். வந்தவன் அந்த வீட்டிலேயே இருந்தான், கல்யாணம் செய்துகொண்டான், பிள்ளை பெற்றான், நிலத்தை விற்றான். டிஎன்ஏ சோதனைக்கு வர மறுத்தான். அம்மா 1995-ல் செத்துப்போனார். கோர்ட் அவனை மோசடிக்காரன் என்று தீர்ப்புச் சொன்னது 2022 ஏப்ரலில். 41 வருஷம்!

அந்த அம்மாவை நினைத்துப் பாருங்கள். பெற்ற பிள்ளையைத் தொலைத்துவிட்டு, அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு ஒருவன் அவன் வீட்டில் உட்கார்ந்திருப்பதைக் கடைசி வரை பார்த்திருக்கிறார். 'பிள்ளைதான் வந்துவிட்டானே' என்று ஊர் சொல்லும். அப்புறம் தேடுவது யார்? காணாமல் போனவன் இரண்டாவது தடவை காணாமல் போகிறான். இந்தத் தடவை அவனைத் தேடக்கூட ஆள் இல்லை.

இதெல்லாம் பழைய காலம், படிக்காத ஊர் என்று நினைக்காதீர்கள். 2024 நவம்பரில் டெல்லி பக்கத்தில் காஜியாபாத்தில் ஒருவன் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, 31 வருஷத்துக்கு முன் சிறுவனாக இருந்தபோது என்னைக் கடத்திவிட்டார்கள், ராஜஸ்தானில் ஆடு மேய்க்க வைத்தார்கள் என்றான். பத்திரிகை, டிவி எல்லாம் அவன் கதையைப் போட்டன. ஒரு குடும்பம் அழுதுகொண்டே வந்து கூட்டிப்போனது. அந்தச் செய்தி பரவின பிறகுதான் தெரிந்தது, சில மாதங்களுக்கு முன்பு அதே ஆள் டேராடூனில் இன்னொரு குடும்பத்துக்கு 'மகனாக' வந்து இருந்துவிட்டுப் போனவன் என்று. டிஎன்ஏ பொருந்தவில்லை. கைது செய்தார்கள். இரண்டு வீட்டிலும் பிள்ளை கிடைத்துவிட்டான் என்று கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டிருப்பார்கள். அப்புறம் என்ன ஆகியிருப்பார்கள்?

வெளிநாட்டில் மட்டும் வேறா? 1994-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸில் 13 வயதுப் பையன் காணாமல் போனான். 1997-ல் ஐரோப்பாவில் இருந்து 23 வயது பிரெஞ்சுக்காரன் ஒருவன் 'நான்தான் அவன்' என்று வந்தான். கண்ணின் நிறமே வேறு, பேச்சு வேறு. இருந்தும் அந்தக் குடும்பத்தோடு மாதக்கணக்கில் இருந்தான். 2007-ல் போர்ச்சுகலில் காணாமல் போன மேடலின் மெக்கான் என்ற சிறுமி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். போலந்துப் பெண் ஒருவர் 2023-ல் நான்தான் அவள் என்று இணையத்தில் எழுதிப் பரபரப்பாக்கினார். டிஎன்ஏ இல்லை என்று சொன்ன பிறகும் விடவில்லை. போன், கடிதம், வீட்டு வாசல் என்று தொடர்ந்தார். காணாமல் போனபோது 2 வயதாக இருந்த தங்கைக்குக் கூடச் செய்தி அனுப்பினார். 2025-ல் இங்கிலாந்துக் கோர்ட்டில் அந்தத் தாய் திரைக்குப் பின்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டி வந்தது. அந்தப் பெண் தொல்லை கொடுத்த குற்றவாளி என்று தீர்ப்பானது.

'எப்படிங்க நம்புறாங்க? பெத்தவங்களுக்குத் தெரியாதா?' என்று கேட்பது சுலபம். பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களைப் பார்த்துவிட்டு இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'தெளிவில்லாத இழப்பு' என்று சொல்லலாம். செத்துப்போனால் அழலாம், காரியம் செய்யலாம், திதி கொடுக்கலாம். காணாமல் போனால் எதுவும் முடியாது. போட்டோவுக்கு மாலை போட்டால் நாமே கொன்ற மாதிரி. போடாவிட்டால் ஊர் ஒரு மாதிரி பார்க்கும். ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் இறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. அம்மா அப்படி எடுத்துக்கொள்வாளா? அந்த மனநிலையில் இருப்பவரிடம் போய் 'இவன்தான்' என்று சொன்னால், கண்ணின் நிறமா தெரியும்? வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒருவேளை அவனாகவே இருந்துவிட்டால் என்ற பயம் இருக்கிறதே, அதுதான் அவர்களைப் பேசவிடாமல் செய்கிறது.

கேரளாவில் 2005-ல் ஆலப்புழையில் 7 வயதுச் சிறுவன் ஒருவன் விளையாடப் போன இடத்தில் காணாமல் போனான். சிபிஐ வரை போயும் கிடைக்கவில்லை. 2022-ல் அவன் அப்பா தற்கொலை செய்துகொண்டார். அதன் பிறகு மும்பையில் இருந்து ஒருவர், இவனைப் பார்த்தால் உங்கள் மகன் மாதிரி இருக்கிறது என்று போட்டோவோடு அந்த அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அது அவன் இல்லை என்று ஆனது. கடிதம் எழுதியவர் மேல் எந்தத் தப்பும் சொல்ல முடியாது. நல்ல மனதோடுதான் எழுதினார். ஆனால் அந்தக் கடிதம் நேராகப் போய்ச் சேர்ந்த இடம், புருஷனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் கை.

அப்படியானால் யாருமே எதுவும் சொல்லக்கூடாதா? இல்லை. ஏனென்றால் சில சமயம் சொல்வது உண்மையாக இருக்கும். சென்னை புளியந்தோப்பில் 1999-ல் ஒரு கைக்குழந்தையைக் கடத்தினார்கள். 2005-ல் போலீஸ் கும்பலைப் பிடித்தபோதுதான் தெரிந்தது, ஏழை வீட்டுப் பிள்ளைகளைத் திருடி, பொய்க் காகிதம் தயாரித்து, வெளிநாட்டுத் தம்பதிகளுக்குத் தத்துக் கொடுத்த கதை. அந்தக் குழந்தை நெதர்லாந்தில் வளர்வதாகத் தெரியவந்தது. பெற்றோர் 2010-ல் அங்கேயே போய் டிஎன்ஏ சோதனை வேண்டும் என்று கேட்டார்கள். சோதனைக்குக் கட்டாயப்படுத்த அந்த ஊர்க் கோர்ட் மறுத்தது. பையனின் நலன்தான் முக்கியம் என்பது அங்கே வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது. பையனுக்கு அதுதான் அம்மா, அதுதான் அப்பா. புளியந்தோப்பு அம்மாவுக்கோ, பிள்ளை இருக்கிற ஊர் தெரிந்தும் உறுதி செய்துகொள்ள வழி இல்லை.

அதனால் கோரிக்கை வந்தவுடன் கதவை மூடுவது தீர்வு இல்லை. வரிசையை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இப்போது என்ன நடக்கிறது? ஒருவன் வருகிறான், அல்லது ஒரு தகவல் வருகிறது. உடனே டிவி, அப்புறம் குடும்பம், அப்புறம் கண்ணீர், கட்டிப்பிடித்தல், கடைசியில் என்றைக்கோ ஒரு நாள் சோதனை. இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். முதலில் ரகசியமாகச் சோதனை. அப்புறம் குடும்பத்துக்குத் தகவல். டிவி வராமலே இருந்தாலும் நஷ்டம் இல்லை.

'பெத்தவங்களுக்குச் சொல்லாம மறைக்கலாமா, அவங்களுக்கு உரிமை இல்லையா' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எவ்வளவு நாள் என்பதைப் பாருங்கள். 2011-ல் அமெரிக்காவில் 6 வயதில் காணாமல் போன ஒரு பையன் பெயரைச் சொல்லிக்கொண்டு 2019 ஏப்ரலில் ஒருவன் வந்தான். மறுநாளே டிஎன்ஏ முடிவு வந்துவிட்டது, அவன் 23 வயது ஏமாற்றுக்காரன் என்று. ஒரே நாள். அந்த ஒரு நாளுக்குள் செய்தி உலகம் முழுக்கப் பரவி, அந்தக் குடும்பம் மறுபடியும் உடைந்துபோனது. ஒரு நாள் பொறுத்திருந்தால் அவர்களுக்கு அது தெரியாமலே போயிருக்கும். பல வருஷம் காத்தவர்கள் கூட ஒரு வாரம் காத்தால் ஒன்றும் ஆகாது. பொய் நம்பிக்கையை இறக்கிவைக்கத்தான் வருஷங்கள் ஆகும்.

இதற்குப் பெற்றோரின் டிஎன்ஏ மாதிரி முன்கூட்டியே ஓர் இடத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் அவர்களைக் கூப்பிடாமலே பொருத்திப் பார்க்க முடியும். 2019 ஜூலையில் மக்களவையில் கொண்டுவந்த டிஎன்ஏ மசோதாவில் காணாமல் போனவர்களுக்கென்று தனிப் பட்டியல் இருந்தது. குற்றவாளிகள், சந்தேகப்படுகிறவர்கள் என்று எல்லோர் டிஎன்ஏவையும் அரசு சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்று எதிர்ப்பு வந்தது. எனக்கும் அந்தப் பயம் உண்டு. 2023 ஜூலையில் மசோதாவை வாபஸ் வாங்கிவிட்டார்கள். குற்றவாளிப் பட்டியலோடு சேர்த்து, யாரும் எதிர்க்காத இந்தப் பகுதியும் போனது. பெற்றோர் விரும்பிக் கொடுக்கிற மாதிரி, காணாமல் போன பிள்ளையோடு பொருத்துவதற்கு மட்டும், பிள்ளை கிடைத்ததும் அழித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு சின்னச் சட்டம் போட எது தடுக்கிறது?

நம் ஊருக்கு வருவோம். வாலாஜாபாத்தில் இருந்துகொண்டு பீகாரையும் டெக்ஸாஸையும் பேசுகிறானே என்று நினைக்கலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்காகப் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து நம் பக்கத்துத் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு வீட்டில் காணாமல் போனவன் இங்கே ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். இங்கே வேலைக்கு வந்த குடும்பத்தின் குழந்தை தொலைந்தால், புகார் எழுதக்கூடப் பாஷை தெரியாது. 2013-ல் உச்ச நீதிமன்றம் காணாமல் போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரையும் எஃப்.ஐ.ஆர். ஆகப் பதிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இந்தி பேசுகிற ஒருவருக்கு அந்த உரிமை இருப்பது தெரியுமா? நாம்தான் கூடப் போய் நிற்க வேண்டும்.

இன்னொரு பக்கம், நம் கையில் இருக்கிற போன். அடையாளம் சொல்கிற அவசரம் என்ன செய்யும் என்பதை 2018 மே மாதம் நம் பக்கத்து மாவட்டத்திலேயே பார்த்தோம். போளூர் பக்கம் அத்திமூரில், கோவிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயதுப் பெண்மணியைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் காரணம். 'இவள்தான் கடத்துகிறவள்' என்பதும் 'இவன்தான் அந்தப் பையன்' என்பதும் ஒரே அவசரத்தில் இருந்துதான் வருகின்றன. நமக்கு நிச்சயம் தெரியாது. ஆனால் சொல்லிவிடத் தோன்றுகிறது.

ஆகவே மக்களே, 'காணவில்லை' போட்டோவில் இருக்கிற முகத்தை எங்காவது பார்த்த மாதிரி இருந்தால் 1098-க்கோ போலீஸுக்கோ சொல்லுங்கள். அதில் இருக்கிற அம்மாவின் நம்பருக்கு நேராக அடிக்காதீர்கள். பார்த்த இடம், நேரம், உடை இவ்வளவு சொன்னால் போதும். 'நிச்சயமா உங்க பையன்தான்' என்று சொல்ல நாம் யார்? பழைய போட்டோவை ஃபார்வர்ட் செய்யும் முன், அந்தப் பிள்ளை ஏற்கெனவே கிடைத்துவிட்டதா என்று விசாரியுங்கள். கிடைத்த பிள்ளையின் வீட்டுக்கு இன்னமும் போன் போய்க்கொண்டிருப்பதும் ஒரு தொல்லைதான்.

ஒரு பொய்க்காரன் வந்து மாட்டிக்கொண்டால் செய்தி அன்றோடு முடிந்துவிடுகிறது. வழக்கு போலீஸுக்கு, சிறை அவனுக்கு. அந்த வீட்டுப் பிள்ளை மட்டும் இன்னும் வரவில்லை. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, வந்தவன் யார் என்று தேடிப் படிப்பதோடு நிறுத்தாமல், உண்மையான பிள்ளையைத் தேடுவது தொடர்கிறதா என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். யாராவது கேட்டுக்கொண்டே இருந்தால்தான் போலீஸும் தேடும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். முக்கியமாக அந்த டிஎன்ஏ சட்டம் பற்றி, சட்டம் படிக்கிற நண்பர்கள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.